சத்தியசீலனின் அழுகையும் ஒரு எஸ்எஸ்டியும்

மலேசியாவில், லூனாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சத்தியசீலன் லேசாக இருமினால் போதும், வேலையாட்களை விரட்டும் மண்டோர்கூட எழுந்து நிற்பார். அப்பேர்ப்பட்ட மனுசன் தீபாவளி வந்தால் மட்டும் ஆளே பாதியாகிவிடுவார். திறந்த இல்ல உபசரிப்புக்குத் தோட்டமே திரண்டு வரும். வந்தவர்களுக்கு முறுக்கோடு தங்கள் கல்யாண வீடியோவையும் பரிமாறுவாள் மனைவி குணசுந்தரி. அதில் கெட்டிமேளம் கொட்டக் கொட்ட மாப்பிள்ளை தேம்பித் தேம்பி அழுவார். மணப்பெண் தன் முந்தானையால் அவர் மூக்கைத் துடைப்பாள்.

இந்த வருசம் அந்த வீடியோவை ஒழித்துக்கட்டியே தீருவது என்று முடிவெடுத்தார்.

ஞாயிறு மத்தியானம், வெளியே மழை. அந்த வீடியோ இருந்த பழைய கம்ப்யூட்டர் கரகரவென்று முனகிக்கொண்டிருந்தது. ரோத்தான் பிரம்பு நாற்காலியில் அரைக்கண் மூடிச் சாய்ந்தபடி ஆரம்பித்தார்.

"சுந்தரி, இனிமே ஹார்ட் டிஸ்க்குக்குக் காலம் இல்ல. எல்லாம் எஸ்எஸ்டிதான். சுத்துற தட்டு கிடையாது, சத்தம் கிடையாது. இப்பவே சூயிங்கம் அளவுதான். இன்னும் கொஞ்ச வருசம் போனா, நகத்தளவு சில்லுக்குள்ள குனோங் ஜெராய் மலையே அடங்கிடும்."

"அப்படியாங்க?"

"நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல நெனச்சதும் படம் வரும்."

பேசப் பேச அவருக்கே கண் சொக்கியது. மழைச் சத்தத்தில் மிதந்து வந்த அந்த உலகத்தில் எல்லாருடைய சிரிப்பும் இருந்தது. அவருடைய அழுகை மட்டும் இல்லை.

"அப்ப மாத்திருங்களேன்," என்றாள் அவள்.

மாற்றினார். கல்யாணத்தைத் தவிர எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோனார். பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் நாலு போடு போட்டு, பழைய இரும்பு வாங்கும் லோரியில் ஏற்றிவிட்டார்.

"கல்யாண வீடியோ மட்டும் வரலம்மா. தட்டு கீறிப்போச்சு."

அவள் பெருமூச்சு விட்டாள். பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனாலும் தூக்கம் சுகமாக வந்தது.

தீபாவளியன்று வீடு கொள்ளாத கூட்டம். திடீரென்று டிவியில் மேளச் சத்தம். திரை முழுக்க அவர் மூக்கு, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"எப்படிடி வந்துச்சு?" என்று அவள் காதோரம் கேட்டார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடியே ஒரு எஸ்எஸ்டில போட்டு வச்சிட்டேங்க. கூலிம் ஃபேக்டரில பதினோரு வருசமா நான் என்னத்த டெஸ்ட் பண்றேன்னு நெனச்சீங்க?"

பதினோரு வருசமாக அவளை ஃபேக்டரி பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர்தான். ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. கண் கலங்கிவிட்டது.

"கெசியான்லா, பாவம் கிராணி, மறுபடியும் அழறாரு," என்று பக்கத்து வீட்டு கதீஜா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினார்.

"முழுசா எடுங்கக்கா," என்றாள் குணசுந்தரி. "இடம் நிறைய இருக்கு."