சீர் வண்டி கழன்ற காரணம்

தூத்துக்குடி,
விய வருஷம் ஆவணி மாதம் 12ஆம் தேதி.

மகா கனம் பொருந்திய சம்பந்தி நயினார் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, சாக்குக்கடை ராஜதுரை தலைகுனிந்து எழுதிக்கொண்டது. தங்கள் வீட்டில் தாங்களும், மதினியும், மாப்பிள்ளையும், ஆடு மாடும் சுகமாக இருக்கத் திருச்செந்தூரான் அருள் செய்யட்டும். இங்கே மழை இல்லை, வியாபாரம் இல்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. மற்றபடி குறைவில்லை.

நீங்கள் ஆளிடம் சொல்லியனுப்பிய வார்த்தை வந்து சேர்ந்தது. சீர் நடுவழியில் கழன்ற வீட்டில் பெண் எடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் தக்க சமாதானம் வராவிட்டால் நிச்சயம் முறிந்ததாக வைத்துக்கொள்ள வேண்டியது என்று சொன்னீர்களாம். அண்ணாச்சி, என் மகள் முத்துக்கனிக்கு இது மூன்றாவது இடம். முதல் இடம் ஜாதகத்தில் போயிற்று. இரண்டாவது மாப்பிள்ளை யுத்தத்துக்கு முந்தி ரங்கூனுக்குப் போனவன், இன்னும் வந்துகொண்டே இருக்கிறான். இதுவும் போனால் தாயில்லாப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் யார் முகத்தில் விழிப்பேன்? ஆகையால் நடந்தது சகுனப் பிழை அல்ல, வெறும் இரும்புப் பிழை என்பதை ஆதியோடந்தமாக எழுதுகிறேன், தயவுசெய்து மதினிக்கும் உரக்கப் படித்துக் காட்டவும்.

சீர் முழுவதும் ஒரே நடையில் வர வேண்டும், இரண்டு நடையாக வந்தால் பெண்ணுக்கு இரண்டு வாழ்க்கை ஆகிவிடும் என்பது உங்கள் வீட்டு வழக்கம் என்று மதினி சொன்னார்கள். சரி என்றேன். எதற்குத்தான் நான் சரி என்று சொல்லவில்லை? ஆனால் நாசரேத் தாண்டினால் உங்கள் ஊர்வரைக்கும் மேடும் பள்ளமுமாகத் தேரிச் செம்மணல். கட்டில், பீரோ, அரிசி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், அந்தப் பித்தளை அண்டா எல்லாவற்றையும் ஒரே மாட்டுவண்டியில் ஏற்றினால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். அதனால் உப்பள முதலாளி ஒருவரிடம் ஜீப்பை இரவல் வாங்கினேன், டிரைவர் அம்புரோஸையும் சேர்த்து. பட்டாளத்துக்காரன் கழித்துப்போட்ட டிரெய்லர் ஒன்று எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்றால் சக்கரம் இருந்தது, தொட்டி இருந்தது, ஜீப்போடு மாட்டுகிற மூக்குச் சாமான் மட்டும் இல்லை. என் ஜாதகமே அப்படித்தான்.

துறைமுகத்துப் பக்கம் பழைய இரும்புக் கடைக்கு நானும் அம்புரோஸும் போனோம். அங்கே இரண்டு தினுசு இருந்தது. ஒன்று பட்டாளக் கொக்கி: கன்னங்கரேலென்று, துருப்பிடித்து, கசாப்புக் கடையில் தொங்குகிறது மாதிரி. அதில் டிரெய்லரின் வளையத்தை மாட்டி, மேலே ஒரு நாக்கை மடக்கி, ஆணி போட வேண்டும். மற்றது குண்டு: துரை ஒருவர் மலைக்குப் போகும்போது தன் காருக்குப் பின்னால் சாமான் வண்டி மாட்டிப் போனதாம், நெல்லிக்காய் மாதிரி உருண்டையாக, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. அதன்மேல் டிரெய்லரின் கிண்ணம் வந்து கவிழ்ந்து உட்காரும், சுருள்கம்பி ஒன்று பிடித்துக்கொள்ளும். அம்புரோஸ் குண்டைக் கையால்கூடத் தொடவில்லை. "அண்ணாச்சி, தார் ரோட்டுக்குக் குண்டு சரி. தேரியில ஜீப்பு மூக்கு மேல பாக்கும், டிரெய்லரு மூக்கு கீழ பாக்கும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முறுக்கிக்கிடும். கொக்கின்னா வளையம் அதுக்குள்ளயே கெடந்து உருளும், கழலாது. இந்தச் சுருள்கம்பி செத்துப் போச்சு, அமுக்கிப் பாருங்க" என்றான். நானும் அமுக்கிப் பார்த்தேன், செத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் உங்கள் வாசலில் வண்டி நிற்கும்போது ஊரே வந்து பார்க்குமே, கசாப்புக் கொக்கியா தெரிய வேண்டும் என்று குண்டையே வாங்கினேன். "சரி, உங்க இஷ்டம், மாதா காப்பாத்தட்டும்" என்று அவன் சிலுவை போட்டுக்கொண்டான். 

பாரம் ஏற்றியது என் வண்டிக்காரன் மாடக்கண்ணு. முப்பது வருஷமாக எனக்குச் சாக்கு வண்டி ஓட்டுகிறவன், முன்பாரம் இருந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும் என்று எப்போதும் பின்பாரமாகவே ஏற்றுவான். ஜீப்புக்கும் அதே நியாயம்தான் என்று அரிசியையும் அண்டாவையும் பின்பக்கம் போட்டு, அதுவும் போதாதென்று தானும் கடைசியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். "பாவம், இரும்புன்னா அதுக்குக் கழுத்து நோவாதா?" என்று என்னையே கேட்டான். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகப் பட்டது. பின்னால் பாரம் அமுக்க அமுக்க முன்னால் மூக்கு தூக்கும், தூக்குகிற மூக்கைக் குண்டு விட்டுவிடும் என்பது சாக்கு விற்கிறவனுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்!

ஏரல் தாண்டி, நாசரேத் தாண்டி, தேரி வரைக்கும் வந்தாயிற்று. மணலில் ஜீப்பு முக்கியது, முனகியது, புகை விட்டது. பின்சீட் முழுக்கப் பழத்தட்டும் பூக்கூடையும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தாலும் செம்மண் புழுதிதான் தெரிந்திருக்கும். ஒரு மேட்டில் ஏறி இறங்கினோம். திடீரென்று ஜீப்பு குதிரையாய்ப் பாய்ந்தது! எஞ்சினுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நான் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். இப்போது நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மேளம் கொட்டியது, மதினி ஆரத்தித் தட்டோடு வந்தார்கள், நான் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு "சீரை இறக்குங்கப்பா" என்று பின்னால் கையைக் காட்டினேன். பின்னால் குண்டு மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. உங்கள் சொந்தக்காரர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, "இதுதான் சீரா? நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் செத்தேன். "ஐயோ, மாடக்கண்ணு அதுமேலல்லா உக்காந்திருந்தான்" என்று கத்தினேன். நீங்கள், "அண்டா எங்கவே?" என்றீர்கள். மதினி, "பித்தளையாச்சே, நெளிஞ்சிருக்குமே" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். நியாயமான கவலைதான், தவறென்று நான் சொல்லவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது டிரெய்லர் பள்ளத்தில் குடை சாய்ந்து கிடந்தது. அரிசி கொட்டவில்லை, பீரோக் கண்ணாடி உடையவில்லை, அண்டா மாடக்கண்ணுவின் காலில் விழுந்ததால் ஒரு பக்கம்தான் நெளிவு. மணலில் விழுந்திருந்தால் அந்த நெளிவும் இருந்திருக்காது.

அந்த நெளிவையும் பாத்திரக் கன்னாரிடம் கொடுத்து எடுத்தாகிவிட்டது, புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். குண்டைக் கடைக்காரனிடமே எறிந்துவிட்டுக் கொக்கி மாட்டியாயிற்று, ஆணியும் போட்டாயிற்று, ஆணி கழலாமலிருக்கக் கம்பியும் சுற்றியாயிற்று. இந்தத் தடவை முன்பாரமாகவே ஏற்றுகிறேன், ஜீப்பின் கழுத்து ஒடிந்தாலும் சரி. வருகிற வளர்பிறையில் ஒரே நடையில் கொண்டுவந்து இறக்குகிறேன். முத்துக்கனி அடக்கமான பிள்ளை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அவள் வாழ்க்கையை ஒரு செத்த சுருள்கம்பிக்காகக் கெடுத்துவிட வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். மதினிக்கு நமஸ்காரம். தங்கள் குலம் ஆல்போல் தழைக்கட்டும், தங்கள் கோபம் மட்டும் தழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்துக் கிடக்கும்,
ராஜதுரை.

பி.கு. உறையை ஒட்டப் பசை தேடிப் போயிருந்த நேரத்தில் முத்துக்கனி இதை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "ஏம்ப்பா, மாடக்கண்ணு மாமாவுக்கு இனிமே கால் மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ, வண்டியில ஏறவே முடியாதாம். அது இதுல எங்கன இருக்கு?" என்று கேட்டாள். இது சீர் சம்பந்தமான கடிதம் என்றேன். "அன்னைக்கு அவிய வீட்டுல ஒருத்தராவது அவர் என்ன ஆனார்னு கேட்டாவளா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. "அப்போ நாளைக்கு நான் அந்த வீட்டுல கால் ஒடிஞ்சு கெடந்தாலும் அண்டாவத்தான் பாப்பாவ" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்களும் அண்டாவப் பத்தித்தானப்பா எழுதியிருக்கிய" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஆகவே நயினார் அண்ணாச்சி அவர்களே, சம்பந்தம் வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்றால் காகிதம் இருக்கிற பஞ்சத்தில் மனசு வரவில்லை, அதை எழுதாததாகவே வைத்துக்கொள்ளவும். முத்துக்கனி தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வாசலில் நிற்கிறாள், ஆஸ்பத்திரிக்கு. எட்டு நாளாக அவள்தான் போய் வருகிறாள், நான் ஒரு தரம்கூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. இப்போது அவளோடு நானும் போகிறேன்.