செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி

நெஞ்சுவலி நின்றுபோனதும் சர்வேயருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

இதய நோயால் நாள்பட்ட நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வெள்ளை மாத்திரை நல்லதா, மஞ்சள் மாத்திரை நல்லதா என்று மருத்துவமனையில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற நம் சர்வேயர் மஞ்சள் கட்சி. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு நர்ஸ் போன் செய்து, வாரத்தில் எத்தனை தடவை வலித்தது என்று கேட்பாள். மனைவி போன பிறகு அவரிடம் யாராவது ஏதாவது கேட்பது அந்த ஒரு நேரம்தான்.

"இந்த வாரம் ஒரு தடவைகூட வலிக்கலம்மா" என்றார் பெருமையாக.

"ரொம்ப நல்லது சார். இனிமே மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டா போதும். அடுத்த வாரம் கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன்."

அவருக்குப் பகீரென்றது. அடுத்த செவ்வாய்க்கு வலி திரும்பிவிட்டது.

"மூணு தடவை வலிச்சுது."

"எந்த இடத்துல சார்?"

"நடு நெஞ்சிலேர்ந்து இடது பக்கமா நாலரை சென்டிமீட்டர்."

ஆயுசு முழுக்க நிலம் அளந்தவர். பொய்யையும் அளந்துதான் சொன்னார்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். தலை சுற்றியது. கட்சி மாற்றி வெள்ளை மாத்திரை கொடுத்தார். கால் வீங்கியது. ஆனால் போன் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு சர்வேயர் ஆனந்தமாகப் பேசினார். "சாப்பிட்டீங்களா சார்?" என்று அவள் கேட்பதற்காகவே சில நாள் சாப்பிடாமல் காத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குரல் இறங்கியிருந்தது. "சார், ரெண்டு மாத்திரையும் கேக்கல. ஆபரேஷன்தான் வழின்னு டாக்டர் சொல்றாரு. திங்கக்கிழமை வந்துடுங்க."

திங்கட்கிழமை காலை, மருத்துவமனை கதவு திறக்கும் முன்பே சர்வேயர் வாசலில் நின்றார். டாக்டரின் அறைக்குள் போனவர் உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், என்னை மன்னிச்சிடுங்க. எனக்கு வலியே இல்ல. மூணு மாசமா பொய் சொல்லிட்டேன்."

"எதுக்கு சார்?"

"வலி இல்லேன்னா அந்தப் பொண்ணு கூப்பிடாது. வேற யாரும் என்னைக் கூப்பிடறதில்ல."

மூலையில் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்த ஆசாமி நிமிராமலே சொன்னார்:

"அதான பாத்தேன். வெள்ளையோ மஞ்சளோ, நான் போன் பண்ற முப்பது பேருக்கும் முதல் வாரமே சரியாயிடுச்சு; அந்தம்மா போன் பண்ற முப்பது பேருல ஒருத்தருக்குக்கூட இன்னும் வலி நிக்கல."