கை இரண்டு குறைவு

“கை எங்கே? ரெண்டு கையும் எங்கே? கையே இல்லாத பொம்பளையை நான் எப்படி ரிசீவ் பண்றது?”

கிளப் வாசலில் நின்று இப்படிக் கத்தியவர் என் கணவர் அனந்தகிருஷ்ணன். அபுதாபிப் பக்கம் ருவைஸில் எங்கள் கம்பெனிக் குடியிருப்புக்கு ஸ்டோர்ஸ் அதிகாரி. அவர் கையெழுத்தில்லாமல் இங்கே ஒரு துடைப்பம்கூட உள்ளே நுழைய முடியாது.

போன வருஷம்வரை எங்கள் லேடீஸ் கிளப்பில் சிறுதானியம்தான் நாகரிகம். தலைவி ரெஷ்மா ஒரு வாரம் ஐரோப்பா போய்வந்ததிலிருந்து சிற்பக்கலை. ‘கிரேக்கம் முதல் நவீனம் வரை’ என்று கண்காட்சி வைப்பதாக ஏகமனதாகத் தீர்மானம். ஷார்ஜாவிலிருந்து நான்கு பிளாஸ்டர் நகல்கள் லாரியில் வந்தன. கூடவே வந்து இறக்கியவர் கொத்தனார் சோலைமுத்து.

“சார், ஏறும்போதே அந்தம்மாவுக்குக் கை இல்ல சார்.”

“அப்போ அப்பவே ஏன் ரிப்போர்ட் பண்ணலை?”

“ஏங்க, அவளுக்குக் கை கிடையாதுன்னு உலகத்துக்கே தெரியும்” என்றேன். (எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். கான்வென்ட்டில் சிஸ்டர் பாடப்புத்தகத்திலிருந்த அந்தக் கிரேக்கச் சிலையின் படத்தின் மேல் கழுத்திலிருந்து கால்வரை காகிதம் ஒட்டியிருப்பார்.)

“தெரிஞ்ச டேமேஜா? அதுக்குத் தனி ஃபாரம்.”

எழுதினார்: ‘கை, இரண்டு குறைவு.’ அடுத்த சிலை, சிறகு விரித்து நின்றவளைப் பார்த்தார். ‘தலை, ஒன்று குறைவு. கைக்குப் பதில் சிறகு இருக்கிறது.’

சோலைமுத்துவின் முகம் சுருங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவருக்கு ஏர்போர்ட் பஸ். திங்கட்கிழமை தங்கச்சி கல்யாணம். டேமேஜ் ரிப்போர்ட் தீராமல் லீவ் ஃபாரத்தில் என் கணவர் கையெழுத்து கிடையாது.

“நானே செஞ்சு ஒட்டிர்றேன் சார்.”

மூன்று நாள் டூட்டி முடிந்த கையோடு சிமென்ட் குழைத்தார். கிரேக்க அம்மாளுக்குக் கை முளைத்தது, சட்டி தூக்கிப் பழகிய கை. சிறகுக்காரிக்குத் தலை முளைத்தது. ஊரில் அவர் சின்னம்மாவின் ஜாடை. சேஃப்டி ஆபீசர் விஜின் வந்து பார்த்தான்.

“உயரத்துல நிக்குது, ஹெல்மெட் எங்கே?”

மஞ்சள் ஹெல்மெட் மாட்டினார்கள். மோவாயில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்த மூன்றாவது சிலை, பிரெஞ்சுக்காரர்மேல் அடுத்த ஆட்சேபணை.

“டூட்டி டைம்ல உக்காந்திருக்கான். மேனேஜர் பார்த்தா?”

அவர் கையில் ஒரு கிளிப்போர்டு வைக்கப்பட்டது. இப்போது அவர் யோசிப்பதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கடைசி உருப்படி, நவீனம். நடுவில் பெரிய ஓட்டையோடு ஒரு உருண்டை. ஸ்டோர்ஸ் கண்ணில் படுமுன் சோலைமுத்து தாமாகவே ஓட்டையை அடைத்து, பூசி, தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார்.

சனிக்கிழமை மாலை ரெஷ்மா அலறினாள். “அண்ணா, அந்த ஓட்டைதான் சிற்பமே!”

என் கணவர் புது ஃபாரம் எடுத்தார். ‘ஓட்டை, ஒன்று குறைவு.’

தோண்டினார்கள், உருண்டை இரண்டாகப் பிளந்தது. சீஃப் கெஸ்ட் கேட்டுக்கு வந்துவிட்டார். நவீன மேடை காலி.

“அண்ணா, நீங்க ஏறி நில்லுங்க” என்றாள் ரெஷ்மா, சோலைமுத்துவிடம். “அசையக் கூடாது. முடிஞ்சதும் சார் கையெழுத்துப் போட்டுருவார். ஐரோப்பாவுல இப்ப இதுதான் ஃபேஷன்.”

சட்டையெல்லாம் சிமென்ட்டோடு, நீட்டிய கையில் லீவ் ஃபாரத்தோடு ஏறி நின்றார்.

சீஃப் கெஸ்ட் மற்ற மூன்றையும் வேகமாகக் கடந்தார். சோலைமுத்துவின் முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“அந்தக் கண்ணைப் பாருங்க! எவ்வளவு ஏக்கம்! காகிதத்தைப் பிடிச்சிருக்கிற விதம்! கிரேக்கர்கள்கூட இதைச் செய்யலை.”

கைதட்டல். எல்லாரும் செல்ஃபிக்கு நெருக்கினார்கள். என் கணவருக்கு ‘சிறந்த பராமரிப்பு’ என்று பொன்னாடை. இரண்டு கையும் அதற்குள் மாட்டிக்கொண்டன. அவர் பேனா என் கைப்பையில்தான் இருந்தது. நான் இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தேன், படம் ஆடக் கூடாதே.

வாசலில் பஸ் ஹார்ன் அடித்தது. சிற்பத்தின் உதடு மட்டும் அசைந்தது.

“மேடம், சார்கிட்ட சொல்லி இதுல ஒரு கையெழுத்து...”