நாற்பத்தொரு பேருக்கு ஒரு ஜோடிக் கண்

உப்பளத்தில் வேலை செய்கிறவன் உப்பளத்தில்தான் வேலை செய்கிறான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. நியாயம்தானே? வெடித்துப்போன பாதத்தை மட்டும் பார்த்து ஒரு அரசாங்கம் முடிவுக்கு வந்துவிட முடியுமா? ஆகவே மரக்காணத்தில் 'உப்பளத் தொழிலாளர் முக அடையாள மையம்' என்று ஒரு ஆபீசும், அதன் வாசலில், கதவையும் தானே திறந்துவிடுகிற ஒரு மெஷினும், மெஷினுக்குத் துணையாகத் தட்சணாமூர்த்தி என்ற சிறப்பு அலுவலரும் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் அளத்தில் நாங்கள் நாற்பத்தொரு பேர். எல்லாருக்கும் கார்டு தேவைதான் என்றாலும் கொளஞ்சியம்மாளுக்கு உயிர் போகிற அவசரம். அவள் மகள் தமிழ்நிலாவுக்கு உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் ஒதுக்கீட்டில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. அம்மாவின் கார்டும், அலுவலர் கையெழுத்துப் போட்ட சான்றிதழும் வெள்ளிக்கிழமைக்குள் காலேஜுக்குப் போகாவிட்டால் சீட் வேறு ஆளுக்கு.

போட்டோ எடுக்க வந்தவன் கூனிமேட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மோகன். கல்யாண ஆல்பத்தில் பேர் எடுத்தவன். "நேச்சுரல் லைட்டுதான்ணே இப்ப ட்ரெண்டு" என்று உச்சிவெயிலில் உப்புப் பாத்திக்கு நடுவே எங்களை நிறுத்தினான். மேலே வெயில், கீழே உப்பு. எவன் கண்ணைத் திறப்பான்? நாற்பது பேரும் புளியங்காய் கடித்த மூஞ்சியோடு நின்றோம். கொளஞ்சியம்மாளிடம் மட்டும் மோகன், "அக்கா, கொஞ்சம் பவுடராவது போட்டுனு வந்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டான். அவள் முறைத்தாள் பாருங்கள், இரண்டு கண்ணும் அகலத் திறந்துகொண்டன. அதே நேரத்தில் அவனும் கிளிக் செய்துவிட்டான்.

அப்புறம் எடிட்டிங். பிரிண்ட் வாங்கி வரும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆளுக்குப் பத்துப் படம், அதில் ஒன்பதைத் தூக்கிப் போட்டான். மிச்சப் படத்தில் தலைக்கு மேலே இருந்த வானத்தை வெட்டினான். வெளிச்சத்தைக் குறைத்தான். பருவையும் தழும்பையும் புருவத்தில் ஒட்டிய உப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தான். கன்னத்துச் சுருக்கத்தை இஸ்திரி போட்டது போல் நீவினான். என் முகம் வந்ததும் எனக்கே பொறாமையாகிவிட்டது.

"டேய், இது நானாடா?"

"மாயவண்ணே, நீங்க நிழல்ல வளந்திருந்தா இப்படித்தான் இருப்பீங்க."

கண்ணில்தான் சிக்கல். 'விண்ணப்பதாரரின் இரு கண்களும் முழுமையாகவும் மனமுவந்தும் திறந்திருத்தல் வேண்டும்' என்பது சுற்றறிக்கை. திறந்திருந்ததோ ஒரே ஜோடி. மோகன் அதை வெட்டி எடுத்து மற்ற நாற்பது முகத்திலும் ஒட்டினான். சைஸைச் சரி செய்தான், ஓரத்தை மழுப்பினான், லேசாக நிழல் போட்டான். படு சுத்தமான வேலை. நாற்பத்தொரு பேரும் அரசாங்கத்தை ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை எல்லாருக்கும் முதல் ஆளாக மெஷின் முன்னால் போய் நின்றேன். அது கண்ணை மட்டும்தான் பார்க்கும். மூக்கு, வாயெல்லாம் அரசாணையில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"போட்டோல இருக்கிற கண்ணு உங்ககிட்ட இல்லியேப்பா" என்றார் தட்சணாமூர்த்தி.

"போட்டோவை மாத்திடலாம் சார்."

"அது பதிவான ஆவணம். அதுல கை வெச்சா குத்தம். முகத்துல கை வெக்கறதுக்குத் தடை ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஆவணப்படி முகத்தை எடுத்துனு வாங்க."

மோகன் அசரவில்லை. நாற்பது கூலிங் கிளாஸ் வாங்கி, ஒவ்வொன்றிலும் கொளஞ்சியம்மாள் கண்ணைப் பிரிண்ட் போட்டு ஒட்டிக் கொடுத்தான். வியாழக்கிழமை எதுவுமே தெரியாமல், ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு படியேறினோம். ஆரோக்கியராஜ் தடவிக்கொண்டே போய் அலுவலரையே கட்டிப்பிடித்தான். இருந்தும் பச்சை விளக்கு! நாற்பது பேருக்கும் பச்சை! நாற்பது கார்டு! ஒரே கூச்சல், கும்மாளம்.

கடைசியில், எங்களை முன்னால் விட்டு நின்ற கொளஞ்சியம்மாள் சொந்தக் கண்ணோடு வந்தாள். மெஷின் சங்கு ஊதியது.

"இந்தக் கண்ணுக்கு ஏற்கெனவே நாப்பது கார்டு குடுத்தாச்சும்மா" என்றார் தட்சணாமூர்த்தி.

"சார், அது என் கண்ணு சார்!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன். நாப்பது வரைக்கும் கவனக்குறைவுன்னு எடுத்துக்கலாம். நாப்பத்தொண்ணுன்னா மோசடி."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை சார். எம்பொண்ணு சீட்டு போயிடும்."

அவர் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. வழி சொன்னார். "இந்த நாப்பது பேர்ல யாராவது ஒருத்தர், 'நான் கொளஞ்சியம்மாள் இல்லை'ன்னு எழுதிக் குடுத்து கார்டை ஒப்படைங்க. அதை இவங்களுக்குக் குடுத்துடறேன்."

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். ஆரோக்கியராஜ் கழற்றிய கூலிங் கிளாஸைத் திரும்ப மாட்டிக்கொண்டான். பாப்பாத்தி, "எனக்கு எழுதவே வராதே" என்றாள். நானா? கார்டைச் சட்டைப்பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினேன். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தள்ளினேன்.

அவள் நேராக மோகன் ஸ்டுடியோவுக்குப் போய், "என் கண்ணை எடுத்துட்ட இல்ல? எனக்கு வேற கண்ணு குடு" என்று நின்றாளாம். அவன் கம்ப்யூட்டரில் திறந்த கண்ணாக மிச்சம் இருந்தது, ஆபீஸ் சுவரில் மாட்டுவதற்காகத் தட்சணாமூர்த்தி எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான். அதையே பிரிண்ட் போட்டு ஒரு மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, அந்தக் கண்ணாடியோடு அவள் மெஷின் முன்னால் நின்றாள். "வணக்கம், சிறப்பு அலுவலர் அவர்களே" என்று கதவு திறந்துகொண்டது. பத்து மணிக்கு வந்த தட்சணாமூர்த்தியிடம் அதே மெஷின், "தாங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்" என்று பணிவோடு சொன்னது.

"ஏம்மா! நான்தாம்மா தட்சணாமூர்த்தி!" அவர் ஜன்னலைத் தட்டினார்.

"பதிவாயிடுச்சு சார்" என்றாள் உள்ளேயிருந்து.

தனக்குக் கார்டு போட்டாள். மகளின் சான்றிதழில் பச்சை மையில் கையெழுத்திட்டாள். தமிழ்நிலா ஜன்னல் வழியே அதை வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸுக்கு ஓடினாள். சீட் உறுதியாகிவிட்டது.

எங்கள் கார்டில் இன்னும் அலுவலர் முத்திரை விழவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முத்திரை இல்லாத கார்டு செல்லாதாம். நாற்பது பேரும் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றோம். "அக்கா, நம்ம ஆளுங்கதான், ஒரு குத்து குத்திடுக்கா" என்று இளித்தேன்.

கொளஞ்சியம்மாள் நாற்பது கார்டையும் வாங்கி, நிதானமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் கொளஞ்சியம்மாள்தான் இருக்கறா. அவளுக்கு இப்பதான் கார்டு குடுத்து அனுப்பினேன். நீங்கல்லாம் யாரு?"