தர்மாம்பாளும் பவள பஸ்பமும்

ஒரு காட்டில், அதாவது ஒரு மரம்கூட இல்லாத பவளக்காட்டில், தர்மாம்பாள் என்றொரு ஆமை இருந்தாள். ஆச்சாரத்தில் கெட்டி. கடலிலேயே வாழ்ந்தாலும் தினமும் தனியாகக் குளிப்பவள்.

முட்டையிடும் நாள் வந்ததும் தீவுக்கரையில் ஏறினாள். மணல் அரிசிமாவாக வெளுத்துக் கிடந்தது. குழி தோண்டப் போனவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே ஒரு சங்குக்குள் குடியிருந்த துறவி நண்டு சங்குசாமியைக் கூப்பிட்டாள்.

“சாமி, சுத்தமான மணல்தானே? எந்த மலையிலிருந்து வந்தது?”

“மலையாவது ஒண்ணாவது! எல்லாம் நம்ம கடல் சரக்குதான் அக்கா. சிப்பி உடைசல் கொஞ்சம், சுண்ணாம்புப் பாசி கொஞ்சம், கடல் முள்ளெலியோட முள்ளு கொஞ்சம்.”

“மீதி?”

“கிளிமீன் போட்டது.”

“எங்கிருந்து கொண்டுவந்து போட்டது?”

சங்குசாமிக்குப் பொய் வராது. கிளிமீன் பவளத்தைக் கடிப்பதையும், தொண்டைப் பல்லால் மாவாக அரைப்பதையும், அதற்கப்புறம் நடப்பதையும் விளக்கினான்.

“ஐயையோ, தீட்டு!” தர்மாம்பாள் துடுப்பை உதறினாள். வயிறோ கனத்தது; வேறு தீவுக்குப் போகத் தெம்பில்லை. அழுகை வந்தது.

“அழாதீங்க அக்கா. பவளத்தை அரைச்சுப் பொடியாக்கினா வைத்தியர் என்ன பேரு வைப்பாரு?”

“பவள பஸ்பம்.”

“இது மட்டும் என்னவாம்?”

பஸ்பம் என்றால் புடம் போட வேண்டும். கிளிமீனிடம் அடுப்பு கிடையாது. ஆனால் நிறைவயிறு இலக்கணம் பார்க்காது. அந்த மணலையே நெற்றியில் ஒரு கீற்று இட்டுக்கொண்டு, குழி தோண்டி, அத்தனை முட்டையையும் இட்டு மூடினாள். பிறகு போன இடமெல்லாம், “என் பிள்ளைகள் பஸ்பத்தில் பிறந்தவை” என்று பீற்றிக்கொண்டாள்.

அடுத்த முறை வயிறு நிறைய முட்டையோடு வந்தபோது கரை இல்லை; வெறும் பாறை. பஸ்பம் என்று கேள்விப்பட்டு, மூட்டே இல்லாத விலாங்குகூட மூட்டுவலிக்கென்று மணலை அள்ளிப் போயிருந்தது. புதுச்சரக்குக்காகக் கிளிமீனின் வாலுக்குப் பின்னால் பெரிய வரிசை.

“கொஞ்சம் மணல் கொடு தம்பி, அவசரம்” என்றாள்.

“மணலா? இங்கே பஸ்பம் மட்டும்தான். டோக்கன் இருக்கா?” என்றது கிளிமீன், திரும்பாமலே.

தர்மாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. “அடப்பாவிகளா, அது வெறும் மீன் பீ!”

வரிசையே காதைப் பொத்திக்கொண்டது. “நல்ல இடத்தில் என்ன பேச்சு இது? போய்க் குளித்துவிட்டு வா!” என்றது ஒரு திருக்கை.

குளித்துவிட்டு வந்து வரிசையின் கடைசியைத் தேடினாள். அது அடுத்த தீவில் இருந்தது.

நீதி: கழிவு என்றால் காலடியில் கிடக்கும், பஸ்பம் என்றால் வரிசையில் நின்றாலும் கிடைக்காது.