என் சங்கத்தைக் கலைக்க நானே வழிமொழிந்த கதை

கில்மோர் ஃபால்ஸ், ஒஹையோ
நவம்பர் 9, 1954

பெருமதிப்பிற்குரிய ஆரின் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் ட்வைலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், நானே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்த ரேடியோ ஆகிய நால்வரும் சுகம். அங்கே நெப்ராஸ்காவில் நீங்கள், ஹெஸ்டர் அத்தை, பெட்ரோல் பங்க், அதைக் காவல் காக்கிற நாய் எல்லோரும் அதே சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுகம் என்று எழுதியது மரியாதைக்காக. இனி எழுதப்போவது நிஜம்.

மாமா, குற்றம் முழுக்க உங்களுடையது. ஆகஸ்டில் நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே என்ன சொன்னீர்கள்? "புது ஊரு, புது ஸ்கூலு, யாரையும் தெரியாது. போனதும் ஏதாவது ஒரு சங்கத்துல சேர்ந்துடு கண்ணு. தானா நாலு பேர் கூட வருவாங்க." அந்த நாலு பேரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். முதலில் உற்சாகச் சங்கத்துக்குப் போனேன், கால்பந்து ஆட்டத்தில் நம் பள்ளிக்காகக் கத்துகிற சங்கம், கத்திக் காட்டச் சொன்னார்கள், நான் நன்றாகத்தான் கத்தினேன், ஆனால் எந்தச் சட்டை நம் சட்டை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எதிராளி கோல் அடித்ததற்கு எழுந்து நின்று குதித்துவிட்டேன். பிறகு பிரெஞ்சுச் சங்கம். அங்கே எல்லோரும் மழலைப் பள்ளியிலிருந்தே கூடப் படித்தவர்கள், பிரெஞ்சில் பேசுகிறார்களோ இல்லையோ, என்னிடம் எந்த மொழியிலும் பேசவில்லை. விவசாயச் சங்கத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லையாம். உங்கள் டிராக்டர் கார்புரேட்டரை நான் கழற்றி மாட்டியதைச் சொன்னேன். "அப்படியா, அப்ப சமையல் சங்கத்துல மிக்ஸி ரிப்பேரா இருக்கு, போய்ப் பாரு" என்றான் ஒருத்தன்.

சரி, நானே ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று தோன்றியது. இந்தப் பள்ளியின் சட்டப்படி ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் யாரும் சங்கம் தொடங்கலாம். இயற்பியல் வாத்தியார் நான் நீட்டியது விடுப்புச் சீட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். தூர தேசத்து ஒலிபரப்பைப் பிடித்துக் கேட்கிற தூர வானொலிச் சங்கம் பிறந்தது. தலைவர் நான், செயலாளர் நான், பொருளாளர் நான், உறுப்பினரும் நான். புதன்கிழமை தோறும் கூட்டம் நடத்தினேன். வேதியியல் அறையில் உட்கார்ந்து ஹவானா கேட்டேன், குயிட்டோ கேட்டேன். குயிட்டோவில் ஒருவர் ஒலிபரப்பை முடிக்கும்போது கேட்பவர்கள் எல்லோருக்கும் ஏதோ சொல்வார். ஸ்பானிஷ் தெரியாது, போய் வருகிறேன் என்றுதான் இருக்க வேண்டும். நானும் சரி போய்ட்டு வாங்க என்பேன். அன்றைக்கு என்னிடம் பேசியவர் பெரும்பாலும் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒவ்வொரு சங்கமும் மாணவர் மன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்ப வேண்டும். எங்கள் சங்கத்தில் கடும் போட்டி இல்லாததால் நான் தேர்வானேன். மாமா, மன்றம் என்றால் எனக்கு உயிர். தலைவன் ராய்ஸ் வாண்டர்ஹூஃப் மரச் சுத்தியலைத் தட்டினால் கூட்டம் நிசப்தம். ஒருவர் தீர்மானம் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், வழிமொழிய ஆளில்லாவிட்டால் தீர்மானம் அங்கேயே செத்துவிடும். விதிப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து மனப்பாடம் செய்தேன். முதல் கூட்டத்தில், ஊர்வல வண்டிக்கு நீலக் காகிதம் ஒட்டலாம் என்று ஒருவன் முன்மொழிந்தான். யாரும் வாய் திறக்கவில்லை. நான் பட்டென்று எழுந்து "வழிமொழியறேன்" என்றேன். அறை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ராய்ஸ் கேட்டான், "பேரு?" சொன்னேன். செயலாளர் எழுதிக்கொண்டாள். இந்தப் பள்ளியில் என் பெயரை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் வழிமொழிந்தேன். குளிர்பான யந்திரம் வேண்டும் என்றார்கள், வழிமொழிந்தேன். குளிர்பான யந்திரம் வேண்டாம் என்றார்கள், அதையும் வழிமொழிந்தேன். கடைசியில் ராய்ஸ் மற்றவர்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். "ட்வைலா, வழக்கம்போலயா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு கேலிதான், எனக்குத் தெரியாதா என்ன, ஆனால் என் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

போன மாதக் கடைசியில்தான் வினை வந்தது. உற்சாகச் சங்கத்துத் தலைவி மார்சியா பெல்லட்டியர் எழுந்தாள். ஆண்டு மலரில் பக்கம் போதவில்லை, உற்சாகச் சங்கத்துக்கே ரெண்டு பக்கம் வேண்டும், ரெண்டு பேர் மூணு பேர் சங்கத்துக்கெல்லாம் போட்டோ எதற்கு, ஆறு பேருக்குக் குறைந்த சங்கத்துக்குப் போட்டோவும் கிடையாது, மன்றத்தில் இடமும் கிடையாது என்று முன்மொழிந்தாள். சத்தமே இல்லை. ஆளாளுக்கு ஒரு குட்டிச் சங்கத்தில் ஒரு தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ இருந்தான். பொறுப்பாசிரியை மிஸ் பிராங் கடிகாரத்தைப் பார்த்தார். மார்சியாவே உட்காரப் போனாள். தீர்மானம் செத்துக்கொண்டிருந்தது, மாமா. ராய்ஸ் என் பக்கம் திரும்பினான். "ட்வைலா?" என்றான். என் கால் எழுந்தது. என் வாய், "வழிமொழியறேன்" என்றது.

மார்சியாவே திரும்பி என்னைப் பார்த்தாள். "நெஜமாவா?" என்றாள்.

மிஸ் பிராங் மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, உன் சங்கத்துல எத்தனை பேரு?"

"ஒருத்தர், மிஸ்."

"அப்ப யோசிச்சுத்தான் சொன்னியா?"

யோசிக்கவில்லை என்று சொல்ல விதிப் புத்தகத்தில் வழி இல்லை. ஓட்டெடுத்தார்கள். பெரிய சங்கத்துக்காரர்கள் கை தூக்கினார்கள், நிறைவேறியது. வழிமொழிந்துவிட்டு எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே ஆள் நான்தான்.

ஆண்டு மலருக்குப் படம் எடுப்பவர் இந்த மாதக் கடைசியில் வரும் நன்றிப் பண்டிகைக்கு முந்தின வாரம் வருகிறார். அதற்குள் ஐந்து பேர் சேர்க்க வேண்டும் என்று நாயாய் அலைந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் அறிவிப்பு ஒட்டினேன். ஒரு பெயர்தான் விழுந்தது, அது கால்பந்து மைதானத்தில் கட்டியிருக்கும் ஆட்டுக்கடாவின் பெயர். சரி, காதால் கேட்டால் ஜனம் மயங்கும் என்று ரேடியோவையே கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், ஹவானா நடன இசை போடுவதாகச் சொல்லி ஆள் சேர்த்தேன், ஏரியல் கம்பியை ஜன்னலில் மாட்டிக் குமிழைத் திருகினால் பன்றி விலை நிலவரம் வருகிறது, இன்னும் திருகினேன், ஃபியூஸ் போய் அடுப்பு அணைந்து எழுநூறு பேருக்கு இறைச்சி உருண்டை பச்சையாகவே நின்றுவிட்டது. சமையல்கார அம்மா கரண்டியோடு வந்து, "ஏண்டி பொண்ணே, உனக்குப் பாட்டு கேக்கணும்னா இத்தனை வயித்துல அடிக்கணுமா?" என்றார். மேற்கொண்டு யாரும் சேரவில்லை.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. செத்தது என் சங்கம் மட்டும் இல்லை. சதுரங்கச் சங்கத்தில் ரெண்டு பையன்கள், அவர்களுக்குள் பேச்சே கிடையாது, காயை மட்டும் நகர்த்துவார்கள். தபால்தலைச் சங்கத்தில் கொர்னீலியஸ் பாஷும் அவன் தங்கையும். பூச்சிச் சங்கத்தில் ஐடா ஃபென்விக் ஒருத்தி. ஐடா என் லாக்கர் பக்கத்தில் கண்ணாடி ஜாடியோடு நின்றாள். "உன் சங்கத்தை நீயே கொன்னுட்ட, அது உன் இஷ்டம். என் பூச்சிங்க உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்றாள். முன்பு என்னை யாருக்கும் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரிகிறது, நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். தெரியாமலே இருந்த காலம் எவ்வளவோ தேவலை.

அப்பாவுக்கு டயர் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட். அம்மா "எப்படி இருந்துது ஸ்கூலு?" என்பாள். "நல்லா இருந்துது" என்பேன். அம்மாவுக்கும் இங்கே இன்னும் யாரும் பழக்கமாகவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி நல்லா இருந்துது என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே மாமா, என் வேண்டுகோள் இது. நன்றிப் பண்டிகைக்கு உங்கள் பிக்கப்பில் வந்து என்னை அழைத்துப் போய்விடுங்கள். பங்க்கில் கண்ணாடி துடைப்பேன், ரெண்டு வேளை நாய்க்குச் சோறு வைப்பேன், பழைய பள்ளியிலேயே படிப்பேன். அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது. இது என் உறுதியான முடிவு, மாற்ற இடமில்லை.

ஹெஸ்டர் அத்தைக்கு என் முத்தமும் நாய்க்கு முதுகில் ஒரு தட்டும் சேர்ப்பியுங்கள். ஆண்டவர் நெடுஞ்சாலையில் போகிற வண்டிகளின் டாங்க்குகளை எல்லாம் சரியாக உங்கள் பங்க் வாசலில் காலியாக்குவாராக.

இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள மருமகள்
ட்வைலா ஹெண்டர்ஷாட்

பின்குறிப்பு: மாமா, வர வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஐடா, கொர்னீலியஸ், அவன் தங்கை, சதுரங்கப் பையன்கள், ஐந்து பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கொர்னீலியஸ்தான் பேசினான். "நாங்க மூணு சங்கமும் ஒண்ணா சேர்ந்துட்டோம். உன் மேல கோவம், அதுதான் எங்க எல்லாருக்கும் பொது. ஆனா எண்ணிப் பாத்தா அஞ்சு பேருதான் இருக்கோம். ஸ்கூல் பூரா கேட்டாச்சு, ஒருத்தரும் வரல. கடைசியாத்தான் உன்கிட்ட வந்தோம், அதை நல்லா மனசுல வச்சுக்க." சேர்கிறேன் என்றேன். சங்கத்துக்குப் பெயர் இதர சங்கம். வேறு எந்தப் பெயருக்கும் ஆறு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐடா ரேடியோ இரைச்சலில் காதை வைத்து, "சிள்வண்டு மாதிரி இருக்கே, நல்லாத்தான் இருக்கு" என்றாள், கோபம் குறையாமலே. சதுரங்கப் பையன்கள் படத்தில் யார் இடது பக்கம் நிற்பது என்பதற்காக முதல் தடவையாகப் பேசிக்கொண்டார்கள், சண்டைதான். சனிக்கிழமை முதல் கூட்டம். முதல் வேலை என் மேல் கண்டனத் தீர்மானம். கூட்டம் எங்கள் வீட்டில்தான், மற்ற வீடுகளில் ஐடாவின் ஜாடிகளை உள்ளே விடமாட்டார்களாம். அம்மா இப்போதுதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, எத்தனை பேருக்குச் சமைக்கணும் என்று கேட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை, மாமா.