உறைபனித் தேதி சொல்பவர்

எங்கள் வடக்கு மினசோட்டாவில் கொசு, கரடி இவற்றோடு இன்னொரு உயிரினமும் பனி உருகியதும் வெளியே வரும். அதற்கு 'உறைபனித் தேதி சொல்பவர்' என்று பெயர். வசந்தத்தின் கடைசி உறைபனி என்றைக்கு, நாற்று என்றைக்கு நடலாம் என்று சொல்வதே அதன் வேலை. ஊருக்கு ஒருவர் போதும். இரண்டு பேர் இருந்தால் ஊர் தாங்காது.

எங்கள் ஊர்க்காரர் வெர்லின் ஹோகன்சன். ஏப்ரல் பிறந்ததும், ஏரியில் பனிக்கட்டி என்றைக்கு உடைந்தது, ஓக் மரத்துத் துளிர் அணில் காதளவு வந்ததா, மே மாதப் பௌர்ணமி எந்தக் கிழமை, வடக்குச் சுவரில் தொங்கும் வெப்பமானி விடிகாலையில் என்ன காட்டியது என்று முப்பத்தெட்டு வருஷக் குறிப்பு நோட்டோடு இரும்புச் சாமான் கடை வாசலில் வந்து நின்றுவிடுவார். யாராவது ஒரு தக்காளி நாற்றைக் கையில் எடுக்க வேண்டியதுதான் தாமதம்.

"வை அதைக் கீழே."

"வெயில் நல்லாத்தானே அடிக்குது, வெர்லின்?"

"அடிக்கும். அடிச்சு ஏமாத்தும். மே கடைசித் திங்கள், நினைவு நாள் லீவு தாண்டாம நட்டவன் எவனும் உருப்பட்டதில்ல. தொண்ணூத்தி ரெண்டுல என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?"

தொண்ணூற்றிரண்டில் என்ன ஆனது என்று யாருக்குமே ஞாபகம் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு நாற்றைக் கீழே வைத்துவிடுவார்கள். இத்தனை அக்கறையா ஒரு மனிதருக்கு, என்று நீங்கள் உருகுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அந்தக் கடைக் கல்லாவின் மேல் ஒரு பீங்கான் தட்டு இருக்கும். ஜூலையில் ஊரிலேயே முதலில் பழுத்த தக்காளியை அதில் வைத்து, பக்கத்தில் பேர் எழுதி ஒட்டுவது வழக்கம். பதினோரு வருஷமாக அங்கே ஒரே பேர். வெர்லின் ஹோகன்சன். ஊருக்கெல்லாம் பொறுமையைப் போதித்துவிட்டு, மே பத்தாம் தேதியே தன் கராஜுக்குப் பின்னால் ஆறு நாற்றுகளைச் சத்தமில்லாமல் நட்டுவிடுவார் மனுஷர். அந்தத் தட்டு இல்லையென்றால் அவருக்கு ஜூலை மாதமே இல்லை.

இந்த வருஷம் மே இருபத்தொன்றாம் தேதி, சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்: விடிவதற்குள் இருபத்தொன்பது டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது உறைநிலைக்கும் கீழே. வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். போர்வை போட்டு மூடினால் நாற்று பிழைக்கும். ஆனால் கராஜ் பக்கம் ஆறு வெள்ளைப் போர்வை நின்றால், நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூடாவிட்டால் தட்டு போச்சு. மூடினால் மானம் போச்சு.

"போய் மூடிட்டு வாய்யா," என்றாள் மனைவி ஆர்டிஸ், பழைய விரிப்புகளை அவர் மடியில் போட்டு.

"ஆள் நடமாட்டம் இருக்குடி."

"இருந்தா என்ன? நட்டது நீதானே?"

"மெதுவாப் பேசு!"

பொழுது சாயட்டும் என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். எங்கள் ஊரில் மே மாதத்துச் சூரியன் லேசில் போகிற ஜாதியா? ஒன்பது மணி நெருங்கும்போது, திருடனைப் போல விரிப்புகளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கராஜைச் சுற்றிப் போனார். அங்கே பக்கத்து வீட்டுக் கொரீன் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு நாற்றுகளும் அவளுடைய ரோஜாப்பூப் போட்ட விரிப்புக்குள் இருந்தன.

"வந்தியா? அந்த ஓரத்துல ஒரு கல்லை வை, காத்துல தூக்குது," என்றாள் திரும்பாமலே.

வெர்லின் கல்லை வைத்தார்.

"உனக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"பத்து வருஷமா. என் மாடி ஜன்னல் இந்தப் பக்கம்தானே? நீ இங்க குழி தோண்டினா நான் போன் போட்டுச் சொல்லிடுவேன். மறுநாளே தெரு பூரா நட்டுடும்."

"நான் எதையும் பார்க்கலையே!"

"எல்லா வீட்டுக்கும் பின்பக்கம்னு ஒண்ணு இருக்குப்பா."

வெர்லினுக்கு ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம் இருந்தது. "அப்ப அந்தத் தட்டு? முதல் பழம் என்னுதுதானே?"

கொரீன் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "எங்களுது முன்னாடியே பழுத்துடும். உப்புப் போட்டு ரொட்டிக்குள்ள வெச்சுத் தின்னுடுவோம். நீ அந்தத் தட்டுப் பக்கத்துல நிக்கிற அழகைக் கெடுக்க யாருக்கும் மனசு வரல."

பாவம், அந்த ஆளுக்கு அழுகையே வந்துவிட்டது.

விடிகாலையில் சொன்னபடி உறைபனி விழுந்தது. தெருவில் ஒரு செடிகூடச் சாகவில்லை; எல்லா வீட்டுப் பின்பக்கத்திலும் விரிப்பு மூடியிருந்தது. காலையில் வெர்லின் கடைக்குப் போனார். போகாமல் இருக்க முடியுமா? "நான் சொன்னேனா இல்லையா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டும் விட்டார். "சொன்னே, வெர்லின்," என்றார்கள் எல்லாரும், பயபக்தியோடு. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மண்வெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு உறைபனியும் இல்லை, தக்காளியும் இல்லை. ஆனால் போன வாரம் உங்களிடம் ஒருவர் யோசனை கேட்டாரே, "அவசரப்படாதீங்க, கொஞ்ச நாள் போகட்டும்" என்று நீங்களும் பெரிய மனதோடு சொன்னீர்களே? அவர் உடனே தலையை ஆட்டினார் அல்லவா? கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினாரோ?